மிதி இறங்குகிறது, வண்டி இழுக்கிறது: பழைய சி10 பிக்கப்பை மேம்படுத்தியபின் வரும் கோளாறுகள்

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை விற்ற செவ்ரோலே சி10 பிக்கப்பை வாங்கிப் பிரித்து வேலை செய்கிறவர்கள் இன்றும் ஏராளம். அதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. முன்னால் இடதும் வலதும் தனித்தனியாக இயங்கும் காயில் ஸ்பிரிங், பின்னால் ஆக்சிலை இரண்டு நீண்ட இரும்புக் கைகள் பிடித்திருக்கும் அமைப்பு என்று அந்தக் காலப் பிக்கப்புகளில் இதன் சஸ்பென்ஷன் ஒரு படி மேல். 1960-களின் செவ்ரோலே பிக்கப்பிலிருந்து போன அந்தப் பின் அமைப்பைத்தான் அமெரிக்காவின் நாஸ்கார் கப் தொடர் பந்தய கார்கள் 2021 வரை வைத்திருந்தன. பிரேக் விஷயத்தில்தான் வண்டி ஏழை. 1970 மாடல் வரை நான்கு சக்கரத்திலும் டிரம். முன்பக்கம் டிஸ்க் பிரேக் 1971-இல்தான் எல்லா வண்டிக்கும் வந்தது.

ஆகவே வாங்கியவர் முன்னால் டிஸ்க் மாட்டுகிறார், ஸ்பிரிங் மாற்றி வண்டியைத் தாழ்த்துகிறார், 15 அங்குல ரிம்மைக் கழற்றி 18 அல்லது 20 போடுகிறார். வேலை முடிந்து தெருவில் இறக்கிய பிறகு புகார்கள் தொடங்குகின்றன. வாங்கிய கிட் மட்டம் என்று பழி போடுவது சுலபம். பெரும்பாலும் கோளாறு அதில் இருப்பதில்லை. புதுப் பாகம் எந்தப் பழைய பாகத்தோடு சேர்கிறதோ அந்த இடத்தில் இருக்கிறது. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை நம்ப வேண்டாம், தாங்கி வைத்த பிறகு போங்கள்.

பிரேக் மிதி பஞ்சு போல அமுங்குகிறது

முதலில் மிதியை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்துப் பாருங்கள். முதல் மிதிக்குத் தாழ இறங்கி, அடுத்த மிதிக்கு மேலே எழுந்து கெட்டியாக நின்றால், பிரேக் குழாயில் காற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பின் டிரம்மின் உள்சுவரை அழுத்தும் ஷூ தளர்ந்திருக்கிறது. முன்னால் புதிய டிஸ்க் மாட்டிய உற்சாகத்தில் பின்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் கேட்கும் வரை ஷூவை வெளியே கொண்டு வாருங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

எத்தனை முறை மிதித்தாலும் மெத்தென்றே இருந்தால் காற்றுதான். இங்கே கிட் மாட்டுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒன்று உண்டு: இடது காலிபர் (டிஸ்க்கில் பேடுகளை அழுத்தும் பாகம்) வலப்பக்கமும் வலது காலிபர் இடப்பக்கமும் போயிருக்கும். போல்ட் துளைகள் பொருந்திவிடுவதால் சந்தேகமே வராது. ஆனால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கும். நிப்பிள் வழியாக ஆயில் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எத்தனை டப்பா ஆயில் விட்டாலும் மிதி ஏறாது. நிப்பிள் காலிபரின் உச்சியில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

அது சரியாக இருந்தால், மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரைச் சோதிக்க வேண்டும். இரண்டு குழாய்களையும் கழற்றி, துளைகளைத் திருகு அடைப்பான் போட்டு மூடிவிட்டு மிதியுங்கள். மிதி கொஞ்சமும் இறங்காமல் நின்றால் மாஸ்டர் நல்லது, காற்று குழாயிலோ காலிபரிலோ இருக்கிறது. அப்போதும் மெத்தென்றால் மாஸ்டருக்குள்ளேயே காற்று. வண்டியில் மாட்டும் முன் அதை வைசில் பிடித்து, குழாயைத் திரும்ப அதன் தொட்டிக்குள்ளேயே விட்டு, குமிழி நிற்கும் வரை பிஸ்டனை அமுக்கிக் காற்று எடுத்திருக்க வேண்டும். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெதுவாகத் தரையை நோக்கி நழுவினால் கதை வேறு: மாஸ்டரின் உள் சீல் போய்விட்டது, அல்லது எங்கோ கசிகிறது.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் மெதுவாக அமுக்கி, "பிடித்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, மூடிய பிறகு "விடு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வருவதற்கு முன் காலை எடுத்தால் வெளியேறிய காற்று உள்ளே திரும்பிவிடும். மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். முன், பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் டிஸ்க்-டிரம் கூட்டு வால்வு வைத்திருந்தால், அதற்குள் உள்ள ஒரு பகுதி குறைந்த அழுத்தத்தில் முன் பிரேக்கை அடைத்து வைக்கும். வால்வின் முனையில் இருக்கும் சிறு தண்டைப் பிடித்துக்கொண்டுதான் முன் சக்கரத்தில் காற்று எடுக்க வேண்டும்.

ஒரு விஷயம் கூடுதலாக. வளைவில் திரும்பியபின் முதல் மிதி மட்டும் தாழ்ந்து இறங்கினால் முன் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. டிஸ்க் ஆடி ஆடி பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை 16 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் இறுகும் அளவில் நிறுத்தி, நட்டு கழலாமல் ஊசி போடுங்கள்.

பிரேக் பிடித்தபடியே நிற்கிறது, டிஸ்க் கொதிக்கிறது

பத்து நிமிடம் ஓட்டியதும் வண்டி கனக்கத் தொடங்குகிறது, முன் ரிம்மில் கை வைக்க முடியவில்லை. இது ஆபத்தான அறிகுறி. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ஸ்பேனர் போதும்.

வண்டியைச் சூடாக்கி, முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்ற முடியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாஸ்டரைப் பூஸ்டரோடு (எஞ்சின் வெற்றிடத்தால் மிதிக்கு உதவும் பாகம்) பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் தளர்த்தி, மாஸ்டரை மூன்று மில்லிமீட்டர் முன்னால் இழுங்கள். சக்கரம் விடுபட்டால் பூஸ்டரிலிருந்து வரும் தள்ளுக்கம்பி நீளம். அது பிஸ்டனை முழுதாகத் திரும்ப விடவில்லை. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கிறது. சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லை. கம்பி முனைக்கும் பிஸ்டனுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி வைத்துச் சரிசெய்யுங்கள். இந்த வண்டிகளில் புது பூஸ்டரையும் வேறொரு மாஸ்டரையும் ஜோடி சேர்க்கும்போது இந்தக் கம்பியை அளக்காமல் விடுவது சர்வசாதாரணம்.

நட்டைத் தளர்த்தியும் விடவில்லையா? காலிபரின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால் குழாயில் அழுத்தம் அடைபட்டு நிற்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பழைய ரப்பர் குழாய்: வெளியே நன்றாகத் தெரியும், உள்சுவர் வீங்கி ஒருவழி வால்வாக மாறியிருக்கும். டிஸ்க் மாட்டும்போதே மூன்று ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுவது மேல். இரண்டு, பழைய மாஸ்டரையே விட்டுவைத்தது. 1967-லிருந்து இந்த வண்டிகளில் இரட்டைத் தொட்டி மாஸ்டர் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் நான்கு டிரம்முக்கான அந்த மாஸ்டரின் வெளிவாயில் ஒரு சிறு வால்வு இருக்கும். டிரம்மின் ஷூ ஸ்பிரிங் வலுவானது என்பதால் குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை அது எப்போதும் நிறுத்தி வைக்கும். காலிபரில் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் இல்லை. அந்த 10 பிஎஸ்ஐ பேடை டிஸ்க்கில் தேய்த்துக்கொண்டே இருக்கப் போதும். தொட்டியும் சிறியது. பேடு தேயத் தேய காலிபர் விழுங்கும் ஆயிலுக்கு அது போதாது. டிஸ்க்-டிரம் மாஸ்டரை வாங்கி, பெரிய தொட்டியை டிஸ்க் பக்கம் இணையுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையானால் குற்றம் காலிபரில்: வழுக்கு ஊசிகள் காய்ந்திருக்கின்றன, அல்லது பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது.

மிதி கெட்டி, வண்டி நிற்கவில்லை

முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி சாவகாசமாக நிற்கிறது. எஞ்சினை நிறுத்தி மிதியை ஐந்தாறு முறை அடித்து, பிறகு அழுத்திப் பிடித்தபடி எஞ்சினைக் கிளப்புங்கள். பூஸ்டர் உயிரோடு இருந்தால் மிதி காலடியில் சற்று இறங்கும். இறங்கவில்லையானால் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெற்றிட மானியை வையுங்கள். ஐடிலில் பாதரச அளவில் 18 அங்குலம் வந்தால் நல்லது. 15-க்குக் கீழே போனால் பூஸ்டரால் உதவ முடியாது. எஞ்சினில் பந்தய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டவர்கள் பலருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. அந்தத் துள்ளும் ஐடில் சத்தத்துக்குக் கொடுக்கும் விலை இதுதான். மின்சார வெற்றிடப் பம்பு ஒரு வழி. பவர் ஸ்டியரிங் பம்பின் அழுத்தத்தையே பிரேக் உதவிக்குப் பயன்படுத்தும் ஹைட்ரோபூஸ்ட் இன்னொரு வழி. எஞ்சின் வெற்றிடத்தை அது கேட்பதே இல்லை. செலவைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

பூஸ்டரே இல்லாத வண்டியில் மிதி கெட்டியாக இருந்தால் அளவுகள் பொருந்தவில்லை. பூஸ்டர் உள்ள வண்டிக்கான 1⅛ அங்குல மாஸ்டரை இங்கே போட்டிருப்பார்கள். சிலிண்டர் பெரிதாகப் பெரிதாக அழுத்தம் குறையும். பூஸ்டர் இல்லாவிட்டால் 1 அங்குல மாஸ்டரும், ஆறுக்கு ஒன்று என்ற மிதி நெம்புகோல் விகிதமும் வேண்டும். பூஸ்டர் உள்ளவற்றுக்கு நான்குக்கு ஒன்று போதும்.

பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிறது

காலிப் பெட்டியோடு ஓடும் பிக்கப்பின் பின்பக்கம் எடை குறைவு. பிரேக் போடும்போது இருக்கும் எடையும் முன்னால் சாய்ந்துவிடும். நான்கு டிரம் காலத்து அழுத்தம் குறையாமல் பின்னுக்குப் போனால் டயர் கீறிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும். மழையில் இது உயிர் விஷயம். பின் குழாயில் மட்டும் சரிசெய்யக்கூடிய அழுத்த வால்வு வைத்து, ஆளில்லாத நனைந்த இடத்தில் சோதித்து, முன் சக்கரம் சற்று முன்னதாகப் பூட்டும் நிலையில் திருகை நிறுத்துங்கள். கூட்டு வால்வும் இருந்து இதுவும் வரிசையாக இருக்கக் கூடாது. இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து அழுத்தத்தைக் குறைத்தால் பின் பிரேக் வெறும் அலங்காரம்.

வால்வைத் தொடும் முன் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். ஆக்சில் சீல் கசிந்து கியர் ஆயில் ஷூவில் படிந்திருந்தாலும் அந்தச் சக்கரம் வெடுக்கென்று பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் பூட்டினால் பெரும்பாலும் அதுதான்.

மிதி காலில் துடிக்கிறது

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று உடனே சொல்வார்கள். உண்மையில் வளைவது அரிது. பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும், அல்லது ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையில் துருச் செதில் ஒன்று சிக்கியிருக்கும். டயல் மானியை வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டி அளங்கள். புது பேடுகளைப் பழக்கவும் வேண்டும்: 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிற்காமல், பத்துத் தடவை இறக்கி, பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான பேடை மிதித்தபடி சிக்னலில் நின்றால் அந்த இடத்திலேயே ஒரு திட்டு ஒட்டிக்கொள்ளும்.

பிரேக் போட்டால் மட்டும் ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கக் காலிபரையும் ரப்பர் குழாயையும் பாருங்கள். எப்போதும் இழுத்தால் முன் டயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி.

தாழ்த்திய வண்டி டொம் என்று அடிக்கிறது

ஸ்பிரிங் மட்டும் மாற்றிவிட்டு ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால், பழைய நீளத்து ஷாக் தன் ஓட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருக்கும். சிறு மேட்டுக்கும் உள்ளே முட்டும். பிறகு ஷாக்கே ஸ்பிரிங்காக வேலை செய்து சில மாதத்தில் எண்ணெய் கக்கும். சோதனை எளிது: ஷாக் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப் பட்டையை இறுக்கமாகக் கட்டி, உடம்போடு ஒட்டித் தள்ளி வைத்து, வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். பட்டை தண்டின் உச்சிக்கே ஏறியிருந்தால் ஷாக் முட்டுகிறது. தாழ்த்திய அளவுக்கு ஏற்ற குட்டை ஷாக் வேண்டும்.

ஷாக் சரியாக இருந்தும் பின்னால் அடித்தால் ஆக்சில் குழாய் சேஸிஸில் முட்டுகிறது. பின்னால் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ இறக்கினால் நடுவில் மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். ரப்பர் முட்டுக்கட்டையை வெட்டிச் சின்னதாக்குவது தற்காலிகச் சமாதானம். ஆக்சிலுக்கு மேலே சேஸிஸை அரைவட்டமாக வெட்டி, தடித்த இரும்புத் தகட்டை போல்ட் போட்டோ வெல்டிங் செய்தோ வலுப்படுத்தும் சி-நாட்ச் சரியான வேலை. வெட்டிவிட்டு வலுப்படுத்தாமல் விடுவது சேஸிஸை உடைக்கும் வேலை.

ஸ்பிரிங்கைச் சூடாக்கித் தாழ்த்தியிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள். எஃகின் பதம் போய்விட்டது. அது எந்தப் பக்கம் எவ்வளவு உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பின் ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது

பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்கார்டுக்குள்ளும் மற்றது வெளியேயும் இருக்கும். யாரோ இடித்துச் சேஸிஸ் வளைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் கம்பியின் ஒரு முனை சேஸிஸிலும் மறுமுனை ஆக்சிலிலும் இருக்கிறது. வண்டி தாழும்போது அது வட்ட வில்லில் சுழன்று ஆக்சிலையும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். கம்பெனிக் கம்பி குட்டை என்பதால் தள்ளலும் அதிகம். நீளம் மாற்றக்கூடிய, இன்னும் நீளமான கம்பி போட்டு, வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போது நடுவுக்குக் கொண்டு வாருங்கள்.

நெடுஞ்சாலையில் அலைகிறது, மேட்டில் தானாகத் திரும்புகிறது

ஸ்டியரிங் பாக்ஸ் தேய்வு, சக்கரத்தைத் திருப்பும் டை ராட் முனை, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க் கையின் புஷ் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே அலைன்மென்ட்டுக்குப் போங்கள். அங்கே போனதும் 1970-இன் கம்பெனி அளவைக் கேட்காதீர்கள். அது அந்தக் காலத்துக் குறுக்கு இழை டயருக்கு எழுதிய கணக்கு. பவர் ஸ்டியரிங்கும் ரேடியல் டயரும் இருந்தால் நேர் காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சின் சாய்வு) 4 முதல் 5 டிகிரி, கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) எதிர் அரை டிகிரி, டோ-இன் (முன் சக்கரங்களின் முன்முனை உள்நோக்குவது) 1/16 முதல் 1/8 அங்குலம் என்று கேளுங்கள். மேல் கையின் தண்டுக்குப் பின்னால் வைக்கும் தகடுகளால் காஸ்டரையும் கேம்பரையும் மாற்றலாம். ஆனால் நான்கு டிகிரிக்கு மேல் போக, பெரும்பாலும் அதற்கென்றே செய்த மேல் கைகள் வேண்டியிருக்கும்.

மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக வெட்டினால் காரணம் டை ராட்டின் சாய்வு. ஸ்பிரிங்கை மட்டும் குறைத்துத் தாழ்த்தியபோது டை ராட்டும் கீழ்க் கையும் வேறு வேறு வட்டத்தில் ஏறி இறங்குகின்றன. 2½ அங்குலத் தாழ்வு ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டும் தண்டை உயர்த்தி அமைத்த பாகம்) மாட்டித் தாழ்த்தினால் கைகள் பழைய கோணத்திலேயே நிற்கும், ஸ்பிரிங்கின் ஓட்டமும் குறையாது. முன்பக்கத்துக்கு அதுவே முதல் தேர்வாக இருந்திருக்க வேண்டும்.

வேகத்தில் நடுக்கம்

ஸ்டியரிங்கில் நடுங்கினால் முன் சக்கரம், இருக்கையில் நடுங்கினால் பின் சக்கரம் அல்லது கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். நடுங்கும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சின் வேகம் விழுந்தும் நடுக்கம் தொடர்ந்தால் எஞ்சின் நிரபராதி. தாழ்த்தியபின் வரும் நடுக்கத்தில் பின் ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் மூக்கின் கோணத்தை அளங்கள். ஒரே துண்டு ஷாஃப்ட்டில் இரு முனை யூனிவர்சல் ஜாயின்ட்களின் கோணமும் ஒன்றுக்கொன்று சமமாக, 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங்கின் உயரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

டயர் உரசுகிறது, ரிம் பொருந்தவில்லை

1970 வரையிலான சி10-க்கு ஆறு போல்ட், 5½ அங்குல வட்டம். 1971 முதல் ஐந்து போல்ட், 5 அங்குல வட்டம். பிந்தைய வண்டியின் டிஸ்க்கை முந்தைய வண்டியில் மாட்டினால் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்றாகி, ஒரே ஸ்டெப்னி நான்கு சக்கரத்துக்கும் உதவாது. பின் ஆக்சிலையும் மாற்றுங்கள், அல்லது ஆறு போல்ட் டிஸ்க் வாங்குங்கள். இதை ரிம் வாங்கும் முன் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டியரிங்கை முழுதாக வளைத்தபோது உரசினால் ரிம் உள்ளே அதிகம் போயிருக்கிறது. பள்ளத்தில் விழும்போது மட்கார்டில் உரசினால் வெளியே அதிகம் வந்திருக்கிறது. காலிபருக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் காண, காலிபர் மேல் களிமண்ணை அப்பி, ரிம்மை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். மிஞ்சிய களிமண்ணின் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உள்பக்கம் ஒட்டும் பேலன்ஸ் எடைக்கும் அதே கணக்கு.

புது ரிம்முக்குப் பழைய நட்டு பொருந்தும் என்று நினைக்காதீர்கள். நட்டு ரிம்மில் உட்காரும் முகம் கூம்பு, உருண்டை, தட்டை என்று மாறும். முகம் பொருந்தாத நட்டு எவ்வளவு இறுக்கினாலும் தளரும். முதல் 100 கிலோமீட்டரில் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். பயணிகள் காருக்கான பி வகை டயரைப் பிக்கப்பில் போட்டால், அதன் பக்கவாட்டில் எழுதிய சுமை அளவை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும்.

டயரின் விட்டம் 28 அங்குலத்திலிருந்து 30-க்குப் போனால் மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 64-இல் போகும். இதற்குக் கியர் பாக்ஸின் வால் பகுதியில் உள்ள சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் பல் எண்ணிக்கை குறைந்ததாக மாற்றினால் போதும். ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் அது வெளியே வந்துவிடும்.